பழைய லைக்கா எம்9: எந்தக் குறையோடு வாங்கலாம்?

லைக்கா என்றதும் நம்மில் பலருக்குத் தொலைபேசி அட்டைதான் நினைவுக்கு வரும். இது ஜேர்மனியின் லைக்கா கமரா. அந்த நிறுவனம் 2009 செப்டெம்பர் 9 ஆம் திகதி எம்9 என்ற கமராவை வெளியிட்டது. 35 மில்லிமீற்றர் பிலிமின் முழு அளவுக்குச் சென்சார் பொருத்தப்பட்ட முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் அதுதான். 18 மெகாபிக்சல், லென்ஸ் இல்லாமல் 6,995 அமெரிக்க டொலர். இன்று அதே கமரா பழைய பொருளாக அந்த விலையின் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. அதிலும் "சிறு குறை உண்டு" என்று சொல்லி விற்கப்படுவது இன்னும் மலிவு. ஆசை வருவது நியாயம். ஆனால் அந்தச் சிறு குறை எது என்பதில்தான் உங்கள் பணம் முழுவதும் தங்கியிருக்கிறது.

எம்9 இன் பெயர்போன நோய் சென்சார் அரிப்பு. கொடக் தயாரித்த அதன் சிசிடி சென்சாரின் மேலே, அகச்சிவப்புக் கதிரைத் தடுக்க ஒரு மெல்லிய கண்ணாடி இருக்கிறது. அந்தக் கண்ணாடி ஈரத்தைத் தாங்காத வகை. மேற்பூச்சு எங்காவது விட்டுப்போனால், அல்லது துடைக்கும்போது கீறுப்பட்டால், காற்றின் ஈரம் உள்ளே இறங்கி அரிக்கத் தொடங்கும். எம்9-பி, எம்-ஈ, முதலாவது மொனோக்ரோம் ஆகியவற்றிலும் இதே சிக்கல் உண்டு. 2014 இன் இறுதியில் லைக்கா இதை ஒப்புக்கொண்டு, சென்சாரை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. 2017 இல் பழைய கமராக்களுக்குக் கட்டணம் வந்தது. பின்னர் மாற்றுச் சென்சார்களே தீர்ந்துபோயின. அதன்பின் எஞ்சிய முக்கிய வழி, கண்ணாடியை மட்டும் மாற்றித் தரும் சில தனியார் திருத்துநர்கள்தான்.

இந்த அரிப்பு விற்பவர் காட்டும் அழகான படங்களில் தெரியாது. எஃப் 2 இல் எடுத்த முகப்படம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. லென்ஸின் துவாரத்தை எஃப் 16 வரை சுருக்கி, வெறும் வானத்தையோ வெள்ளைத் தாளையோ எடுத்து, கணினியில் முழு அளவுக்குப் பெருப்பித்துப் பாருங்கள். தூசி என்றால் வெறும் கரும்புள்ளி. காற்றுப் பந்தால் ஊதினால் இடம் மாறும் அல்லது போய்விடும். அரிப்பு என்றால் புள்ளியைச் சுற்றி வெளிறிய வளையம் இருக்கும். எத்தனை தரம் துடைத்தாலும் அதே இடத்தில் நிற்கும்.

மட்டக்குளியில் இருப்பவர் இதைக் கூடுதலாக யோசிக்க வேண்டும். மேற்கே கடல், வடக்கே களனி கங்கை கடலோடு சேரும் முகத்துவாரம். கொழும்பின் காற்றில் ஈரப்பதன் பெரும்பாலும் 75 வீதத்துக்கு மேலேயே நிற்கிறது. அலுமாரியில் தோல் செருப்புக்கே பூஞ்சணம் பிடிக்கிற ஊர். குளிரான உலர்ந்த நாட்டில் ஆண்டுக்கணக்கில் இரண்டு புள்ளியோடு இருந்த கமரா இங்கே வந்தும் அப்படியே இருக்கும் என்று நம்ப இடமில்லை. சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பெட்டி, அல்லது 40 முதல் 50 வீதத்தில் ஈரத்தை வைத்திருக்கும் மின் உலர்பெட்டி உதவும். ஆனால் அது அரிப்பின் வேகத்தைக் குறைக்கலாமே தவிர, வந்த அரிப்பைத் திருப்பாது.

மற்றக் குறைகளை இவ்வளவு பயத்தோடு பார்க்கத் தேவையில்லை. ரேஞ்ச்ஃபைண்டர் விலகியிருப்பது அடிக்கடி சொல்லப்படும் குறை. இந்தக் கமராவில் நாம் லென்ஸின் ஊடாகப் பார்ப்பதில்லை. இரண்டு சாளரங்களால் வரும் பிம்பங்கள் பார்வைச் சட்டத்தின் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்போதுதான் குவியம் சரி. ஒருமுறை கீழே விழுந்தாலே அந்தப் பொருத்தம் குலையலாம். காக்கைதீவுக் கடற்கரையில் நின்று, துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கும் கப்பல் ஒன்றைப் பாருங்கள். லென்ஸை முடிவிலிக்குத் திருப்பியதும் இரண்டு கப்பலும் ஒன்றாக வேண்டும். பிறகு ஒரு மீற்றர் தூரத்தில் அடிமட்டத்தைச் சரிவாக வைத்து, லென்ஸை முழுதாகத் திறந்து ஒரு படம். நீங்கள் குறிவைத்த கோடுதான் கூர்மையாக வந்ததா என்று பாருங்கள். இது சரிசெய்யக்கூடிய பழுது. விலையைக் குறைத்துக் கேட்க நல்ல காரணமும்கூட. உடம்பில் கீறல், தேய்ந்த கறுப்பு மை, கிழிந்த தோலுறை எல்லாம் கணக்கிலேயே சேராது. அவை படத்தில் விழுவதில்லை.

எம்9 க்குப் பதிலாக இன்னும் மலிவான எம்8 ஐச் சிலர் நாடுவார்கள். 2006 இல் வந்த அதன் குறை வேறு: கறுப்புச் செயற்கைத் துணி ஊதாவாகப் பதியும். கல்யாண வீட்டில் கோட்டுப் போட்ட மாப்பிள்ளையை எடுத்தால் வம்புதான். லென்ஸ் முன்னால் ஒரு வடிகட்டியை மாட்டினால் அது தீரும். லைக்காவே அன்று வாங்கியவர்களுக்கு இரண்டை இலவசமாகக் கொடுத்தது. பின் திரையில் கோப்பிக் கறை போலப் படர்ந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், மாற்றுத் திரை நிறுவனத்திடமே இல்லாமல் போய் நெடுநாள். 2004 இன் எப்சன் ஆர்-டி1 அழகான பொருள்தான், ஆனால் 6 மெகாபிக்சலுக்கு அந்த விலை சேகரிப்பவருக்கே பொருந்தும்.

நம்மவர் இப்படிப்பட்ட கமராவைப் பெரும்பாலும் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதில்லை. லண்டனில் மாமா, ரொறன்ரோவில் சித்தி என்று யாரோ ஒருவர் வாங்கி, விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். இங்கே வந்தபின் பழுது தெரிந்தால் திருப்பிக் கொடுக்க வழியில்லை; திருத்த அனுப்பினால் போக்குவரவுக் கூலியும் சுங்கமும் கமராவின் விலையோடு சேர்ந்துவிடும். ஆகவே மாமாவைத் தொந்தரவுபடுத்தக் கூச்சப்படாதீர்கள். காசு கொடுக்க முன்னர் எஃப் 16 வானப் படம் ஒன்றைச் சுருக்காத மூலக் கோப்பாக வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, புள்ளிகள் மறைந்துவிடும். சென்சார் மாற்றியதாக விற்பவர் சொன்னால், லைக்காவின் திருத்தச் சீட்டைக் கேளுங்கள். வாய்ச்சொல் போதாது.

சீட்டு இருந்தால், மற்றக் குறைகளுக்கு விலை பேசி வாங்கலாம். சீட்டு இல்லை, ஆனால் வானப் படம் சுத்தம் என்றால், நாளை அரிப்பு வந்தாலும் தாங்கக்கூடிய தொகைக்கு மேல் கொடுக்க வேண்டாம். வளையம் போட்ட புள்ளி ஒன்றாவது தெரிந்தால், கமராவின் உடம்புக்கு விலை சொல்லாதீர்கள். கூட வரும் லென்ஸ் நல்லதா, அதற்கு மட்டும் எவ்வளவு என்று கேளுங்கள். எம்9 இன் சிசிடி நிறம் வேறெதிலும் வராது என்று ஒரு கூட்டம் சொல்லும். வித்தியாசம் உண்டு, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை என்பது என் எண்ணம். 2012 இல் அறிவிக்கப்பட்ட எம் டைப் 240 இல் 24 மெகாபிக்சல் சீமோஸ் சென்சார். இந்த அரிப்பு நோய் அதற்குக் கிடையாது. கொஞ்சம் பாரம் கூட, விலையும் சற்றுக் கூட. கடற்கரை ஓரம் வீடு என்றால் அந்தக் கூடுதல் விலைக்குச் சேர்த்துவைப்பது நல்லது.