கார்வெட்: துளையிலிருந்து டேப்புக்கு

1953 ஜனவரியில், நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் செவர்லே கம்பெனி தன் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரை முதன்முதலாகக் காட்டியது. அதற்கு நான்கு நாள் முன்புதான் முகப்புச் சின்னம் மாறியிருந்தது. குறுக்காக வைத்த இரு கொடிகளில் ஒன்று அமெரிக்க தேசியக் கொடி. விற்பனைப் பொருளில் அதைப் பதிப்பது ஆகாது என்று கடைசி நேரத்தில் உறைக்கவே, அந்த இடத்துக்கு செவர்லேயின் போ-டை முத்திரையும் லில்லிப் பூவும் வந்தன. காரில் எது இருக்கலாம், எது கூடாது என்று தீர்மானிப்பது அன்று கம்பெனியின் வேலை.

கம்பெனியும் ஒரே மனதில் இருக்கவில்லை. 1958 கார்வெட்டின் பானெட்டில் காற்றே புகாத வெறும் அலங்கார வரிகள். டிக்கி மூடியில் இரண்டு நீளக் குரோம் பட்டைகள். அடுத்த ஆண்டே இரண்டையும் எடுத்துவிட்டார்கள். 1963-ல் வந்த கார்வெட் ஸ்டிங் ரேயிலும் இதே கதைதான்: பானெட்டில் பொய்க் காற்றுத் தட்டிகள். 1964-ல் தட்டிகள் போயின, அவை உட்கார்ந்திருந்த பள்ளம் மட்டும் நின்றது.

சொந்தக்காரர் தானாகச் சின்னத்தில் கை வைப்பது அன்று லேசில்லை. சின்னத்தின் பின்புற முளைகள் ஃபைபர்கிளாஸ் உடம்பின் துளை வழியே உள்ளே போய் நட்டில் இறுகும். கழற்றினால் துளை பல்லிளிக்கும். அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்தாக வேண்டும். கலிஃபோர்னியாவின் கஸ்டம் கார் பைத்தியங்கள் இரும்புக் கார்களில் ஈயம் உருக்கி அந்தத் துளைகளை மூடினார்கள். அதற்குத் தேர்ந்த கை வேண்டும்.

இன்றோ பெரும்பாலான சின்னங்கள் இருபக்க டேப்பில் நிற்கின்றன. ஹேர் டிரையரால் சூடேற்றி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு அறுத்தால் கையோடு வந்துவிடும். மிஞ்சும் பசையைத் துடைத்தால் போதும். வருடக்கணக்கில் வெயிலில் நின்ற காரில் மட்டும், சின்னம் மறைத்திருந்த இடம் நிறம் மங்காமல் அதே வடிவில் தெரியும். கழற்றக்கூட வேண்டாம் என்பவருக்கு, கார்பன் ஃப்ளாஷ் என்ற கருநிறச் சின்னங்களைக் கம்பெனியே விருப்பத் தேர்வாகத் தருகிறது. பளபளக்கும் குரோமின் செல்வாக்கு இப்படிச் சரிய ரசனை மட்டும் காரணமல்ல. அந்த முலாம் பூசும் வேலையில் புற்றுநோய் உண்டாக்கும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் பயன்படுவதால், அலங்காரப் பூச்சு வேலையில் அதைப் பயன்படுத்துவதை 2027 முதல் படிப்படியாக நிறுத்த கலிஃபோர்னியா விதி செய்திருக்கிறது.

வசதி கூடியது, சின்னத்தின் வாக்கு மதிப்பிழந்தது. 1957-ல் பக்கவாட்டில் ‘ஃப்யூயல் இன்ஜெக்ஷன்’ என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது அந்த அரிய எஞ்சின் என்று நம்பலாம். அதன் உச்ச வடிவம் 283 கன அங்குலத்துக்கு 283 குதிரைத்திறன் தந்தது. இன்று அந்த எழுத்தின் நகல் கடையில் கிடைக்கிறது. எனவே பழைய கார் வாங்குபவர் எழுத்தை நம்பாமல், எஞ்சின் பிளாக்கில் பொறித்த எண்ணைத்தான் பார்க்கிறார்.

இதில் வேடிக்கை, கம்பெனியே வேண்டாமென்று தள்ளிய அந்த 1958 டிக்கிப் பட்டைகள். ஒரே ஆண்டு வந்தவை என்பதால் அவைதான் இன்று அந்தக் காரின் அடையாளம். ஆலையிலிருந்து வந்தபடியே காரை மீட்க நினைப்பவர் அவற்றைத் தேடி அலைகிறார். ஆகவே புதுக் காரின் சின்னத்தைத் தாராளமாகக் கழற்றுங்கள். ஆனால் குப்பையில் போடாதீர்கள். ஐம்பது வருடம் கழித்து வாங்குபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.