மாதிரி வீடு மயக்கும், அசல் வீடு பேசும்

நொய்டா, குருகிராம் அடுக்குமாடிகளில் பணம் போடுபவர்கள் பலர் பார்ப்பது விற்பனை அலுவலகத்தின் மாதிரி வீட்டை மட்டுமே. பளபளக்கும் அந்த வீடு யார் பெயருக்கும் பதிவாகப் போவதில்லை.

சாவி வாங்கும் முன் அசல் வீட்டைப் பார்ப்பது அவசியம். பகலில், முடிந்தால் மழைக்குப் பிறகு. நாணயத்தால் டைல்ஸைத் தட்டுங்கள். வெற்று ஒலி கேட்டால் அடியில் கலவை நிரம்பவில்லை. குளியலறையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள்; தேங்கினால் வாட்டம் சரியில்லை. குறைகளை எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டும் கட்டுமானக் குறைகளை நிறுவனம் 30 நாட்களில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம்.

தட்டினாலும் தெரியாத குறை ஒன்று உண்டு. நொய்டாவில் சுமார் 100 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்கள் 2022 ஆகஸ்ட் 28 அன்று சில நொடிகளில் தகர்க்கப்பட்டன. காரணம், விதிமீறிய கட்டுமானம். அங்கு வீடு பதிவு செய்தவர்களுக்கு 12 சதவீத வட்டியுடன் பணத்தைத் திருப்பித் தர உச்ச நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது. வீடு கிடைக்கவில்லை.

எனவே சுவரைப் பார்க்கும் அன்றே அனுமதி பெற்ற வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள். மாடிகளின் எண்ணிக்கை அதோடு பொருந்தாவிட்டால் கடைசித் தவணையைக் கட்டாதீர்கள். முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்.