புதிய எதிரிகள், பழைய ஆட்கள்: கல்லூரி ஃபுட்பாலில் தடுப்பாட்டம் மாறும் விதம்

2012 செப்டம்பர் 29. அமெரிக்காவின் மார்கன்டவுன் நகரில் வெஸ்ட் வர்ஜினியா பல்கலைக்கழக அணி, பேலர் பல்கலைக்கழக அணியை 70-63 என்று வென்றது. இரு அணிகளும் சேர்ந்து 1,507 கெஜம் முன்னேறின. வெஸ்ட் வர்ஜினியாவின் ஜீனோ ஸ்மித் மட்டும் 656 கெஜத்துக்குப் பந்தை வீசி, எட்டு டச்டவுன்களுக்கு வழிசெய்தார். பிக் 12 லீக்குக்கு மாறியபின் அந்த அணி அங்கே ஆடிய முதல் லீக் ஆட்டம் அதுதான். வெற்றி கிடைத்தது; கூடவே 63 புள்ளிகள் வாங்கிய தடுப்பாட்டம் பற்றிய கவலையும் வந்தது.

சரியாக இரண்டு வாரம் கழித்து, அதே பேலரை டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம், அதாவது டிசியு, 49-21 என்று வீழ்த்தியது. டிசியுவும் அந்த ஆண்டுதான் பிக் 12-க்குள் வந்த புதுமுகம். அடுத்த வாரமே டெக்சாஸ் டெக் அணியிடம் மூன்று கூடுதல் சுற்றுகளுக்குப் பிறகு 53-56 என்று அது தோற்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆக, யாருக்கும் இந்த மாற்றம் சுலபமாக இல்லை. ஆனால் இரண்டு அணிகளும் அதை எதிர்கொண்ட விதம் வேறு. அந்த வேறுபாடு, லீக் மாறும் எல்லா அணிகளுக்கும் இன்றும் பொருந்துகிறது.

லீக் மாறினால் என்ன மாறுகிறது?

அமெரிக்கக் கல்லூரி அணிகள் ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் குழுக்களாகப் பிரிந்து ஆடுகின்றன. ஒரு பருவத்தின் 12 ஆட்டங்களில் எட்டோ ஒன்பதோ சொந்தக் கான்ஃபரன்ஸ் அணிகளோடுதான். எனவே ஓர் அணியின் தடுப்பாட்டம் ஆண்டுக்கணக்கில் ஏறக்குறைய அதே எதிரிகளுக்கு விடை தேடி வளர்கிறது. ஆட்களைத் தேர்ந்தெடுப்பதும் அந்த எதிரிகளை மனத்தில் வைத்துத்தான். தொலைக்காட்சிப் பணம் முதன்மைக் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் கான்ஃபரன்ஸ் மாறும்போது, எதிரிகள் ஒரே நாளில் மாறிவிடுகிறார்கள், ஆட்கள் மாறுவதில்லை. சேப்பாக்கத்துச் சுழலை நம்பிக் கட்டிய அணியை அடுத்த பருவம் முழுக்கப் புல் வளர்ந்த ஆடுகளங்களில் ஆடச் சொன்னால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும்.

தொழில்முறை அணி என்றால் ஆளை விலைக்கு வாங்கலாம், மாற்றிக்கொள்ளலாம். கல்லூரி அணியோ அண்மைக்காலம் வரை பள்ளி மாணவர்களை அழைத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் உடலும் ஆட்டமும் தேற்றித்தான் களமிறக்க முடிந்தது. ஆகவே தடுப்பாட்டப் பயிற்சியாளர் தினமும் சந்திக்கும் கேள்விகள் இரண்டு. எதிரே நிற்பது யார்? நம்மிடம் இருப்பது யார்? வியூகம் என்பது இந்த இரண்டுக்கும் இடையே எட்டும் சமரசம்.

எண்கள் சொல்வது என்ன?

களத்தில் ஒரு பக்கம் 11 பேர். தாக்கும் அணி நான்கு முயற்சிகளில் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து கைமாறும். தடுக்கும் பக்கத்தை மூன்று அடுக்காகப் பிரித்து எண்களால் குறிப்பார்கள். 4-3-4 என்றால் முன்வரிசையில் நான்கு பருமனான ஆட்கள், நடுவே மூன்று லைன்பேக்கர்கள், பின்னால் வேகமான நால்வர். எதிரணி பந்தோடு இடித்துக்கொண்டு ஓடினால் முன்னால் எடை வேண்டும். நான்கைந்து பேரைப் பரப்பி நிறுத்திப் பந்தை வீசினால் பின்னால் வேகம் வேண்டும்.

கல்லூரி விதிகள் இதை இன்னும் சிக்கலாக்குகின்றன. மைதானத்தின் அகலம் 160 அடி. ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் இடத்தை வரையறுக்கும் இரண்டு உள்கோடுகளுக்கு இடையே கல்லூரி ஆட்டத்தில் 40 அடி இடைவெளி. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் அது 18 அடி 6 அங்குலம்தான். பந்து ஓர் உள்கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த 100 அடிப் பரப்பில் மெதுவான ஒரு லைன்பேக்கர் அகப்பட்டுக்கொண்டால் தொலைந்தார். தவிர, பந்து வீசப்படும் முன் தாக்குதல் அணியின் முன்வரிசை ஆட்கள் மூன்று கெஜம் வரை முன்னேற கல்லூரி விதி இடம் தருகிறது. என்எஃப்எல்லில் ஒரு கெஜம்தான். இதனால், நடப்பது ஓட்டமா வீச்சா என்று கடைசி நொடிவரை தடுப்பவருக்குத் தெரியாது.

டிசியு: வியூகம் அப்படியே, ஆள் இடம் மாறும்

2000-ஆம் ஆண்டின் இறுதியில் டிசியுவின் தலைமைப் பயிற்சியாளரான கேரி பேட்டர்சன் 4-2-5 வியூகத்துக்குப் பெயர்போனவர். மூன்றாவது லைன்பேக்கரை எடுத்துவிட்டு ஐந்தாவதாக ஒரு பின்கள ஆளை, அதாவது மூன்றாவது சேஃப்டியை, நிரந்தரமாக நிறுத்தினார். முன்னாலுள்ள ஆறு பேருக்கு ஒரு கட்டளை, பின்னாலுள்ள ஐவருக்கு வேறொரு கட்டளை. ஒன்று மற்றொன்றைக் கட்டிப்போடாது. பின்களத்தையும் இடம், வலம் என்று இரண்டாகப் பிரித்து, அந்தந்தப் பாதி தன் எதிரே நிற்பவர்களைப் பார்த்துத் தானே காவல் முறையைத் தேர்ந்துகொள்ளும்படி செய்தார். எதிரணி அவசரமாக ஆடினாலும் மொத்த அணியையும் மாற்றி அடுக்க வேண்டியதில்லை.

ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதமும் இதோடு பொருந்தியது. டெக்சாஸ் மாநிலத்தின் சிறந்த பருமனான இளைஞர்களை டெக்சாஸ், ஓக்லஹோமா போன்ற பெரிய பல்கலைக்கழகங்கள் கொத்திக்கொண்டு போய்விடும். டிசியு வேகமானவர்களை எடுத்து ஒரு வரிசை முன்னால் நகர்த்தியது. பள்ளியில் பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்காக ஆடிய ஜெர்ரி ஹியூஸ், டிசியுவில் முன்வரிசை ஓரத்துத் தடுப்பாளராகி 2009-இல் டெட் ஹென்ட்ரிக்ஸ் விருது வாங்கினார். சேஃப்டியாக வந்த டிராவின் ஹோவர்ட் பின்னாளில் லைன்பேக்கராகி அணியின் முதுகெலும்பானார்.

பிக் 12-க்கு முன் டிசியு ஆடிய மவுன்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸில் இது அமோகமாக விளைந்தது. 2008, 2009, 2010 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எதிரணிகளுக்கு நாட்டிலேயே மிகக் குறைந்த கெஜங்களை விட்டுக்கொடுத்தது டிசியு. 2010 பருவத்தில் ஒரு தோல்வியும் இல்லை. பருவத்தின் முடிவில் நடக்கும் ரோஸ் பவுல் ஆட்டத்தில் பருமனான முன்வரிசைக்குப் பேர்போன விஸ்கான்சினை 21-19 என்று வென்றது.

பிக் 12 வேறு உலகம். களம் முழுக்கப் பரந்து நின்று பந்தை வீசும் ‘ஏர் ரெய்ட்’ முறையை மைக் லீச் 2000 முதல் 2009 வரை டெக்சாஸ் டெக்கில் வளர்த்திருந்தார். அவருடைய சீடர்கள் பல அணிகளுக்குப் பரவியிருந்தார்கள். பேலர் தன் பந்து பிடிப்பவர்களை ஏறக்குறைய எல்லைக்கோடு வரை தள்ளி நிறுத்தியது. இத்தகைய பரந்த ஆட்டத்துக்கு ஐந்து பின்கள ஆட்களோடு நிற்கும் வியூகம் ஏற்கெனவே பாதி ஆயத்தம்தான். ஆனால் மவுன்டன் வெஸ்ட்டில் ஆண்டுக்கு ஓரிரு முறை வந்த சோதனை இங்கே வாரந்தோறும் வந்தது. வெற்றி-தோல்விக் கணக்கு 2012-இல் 7-6, 2013-இல் 4-8.

பேட்டர்சன் செய்த பெரிய மாற்றம் தடுப்பாட்டத்தில் இல்லை. டக் மீச்சம், சன்னி கம்பி என்ற இருவரை அழைத்துவந்து தன் தாக்குதல் ஆட்டத்தையே ஏர் ரெய்ட் பக்கம் திருப்பினார். எதிரணி ஆட்டத்துக்கு ஆட்டம் நாற்பது, ஐம்பது புள்ளி எடுக்கக்கூடிய லீக்கில், 13 புள்ளி எடுத்துக்கொண்டு தடுப்பாளர்களை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதே அவர் எடுத்த பாடம். 2014-இல் டிசியு 12-1. அந்த ஒரு தோல்வி பேலரிடம், 58-61 என்ற கணக்கில். பீச் பவுலில் மிசிசிப்பியை 42-3 என்று நசுக்கியது. இந்த இரண்டு எண்களும் ஒரே தடுப்பாட்டத்தின் ஒரே பருவத்துக் கணக்கு. விட்டுக்கொடுத்த புள்ளியை எதிராளி யார் என்று பார்க்காமல் எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

வெஸ்ட் வர்ஜினியா: இரண்டையும் ஒருசேர மாற்றியபோது

வெஸ்ட் வர்ஜினியாவிடமும் பரந்த ஆட்டத்துக்குத் தோதான வியூகம் ஒன்று இருந்தது: மூன்று முன்வரிசை, மூன்று லைன்பேக்கர், ஐந்து பின்களம் கொண்ட 3-3-5. அதை நடத்திய ஜெஃப் கேஸ்டீல், பிக் 12-க்குள் அணி நுழைந்த அதே நேரத்தில் அரிசோனாவுக்குப் போய்விட்டார். புதிய பயிற்சியாளர்கள் 3-4 முறையைக் கொண்டுவந்தார்கள். பழைய வியூகத்துக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் புதிய இடங்களில், பழக்கமில்லாத எதிரிகளின் முன். முதல் ஐந்து ஆட்டங்களில் வென்ற அணி அடுத்த ஐந்திலும் தோற்றது. 2014-இல் டோனி கிப்சன் தடுப்பாட்டப் பொறுப்பேற்று 3-3-5-ஐத் திரும்பக் கொண்டுவந்தார். 2016-இல் அணி பத்து வெற்றிகள் கண்டது.

3-4 தவறான வியூகம் என்பதல்ல இதன் பொருள். எதிரி மாறும் ஆண்டில் மொழியையும் மாற்றினால், வீரர் யோசித்து நகர வேண்டியிருக்கிறது. அந்த அரை நொடித் தாமதம் போதும், எதிரணி பாய்ந்துவிட.

அயோவா ஸ்டேட்: இல்லாததிலிருந்து பிறந்த வியூகம்

2015 இறுதியில் டொலிடோவிலிருந்து அயோவா ஸ்டேட்டுக்கு மேட் கேம்பல் பயிற்சியாளராக வந்தார். உடன் வந்தவர் தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஜான் ஹீகாக். இங்கே அணி லீக் மாறவில்லை. பயிற்சியாளர்கள்தான் சிறிய கான்ஃபரன்ஸிலிருந்து பிக் 12-க்கு மாறினார்கள். சுமார் 32 லட்சம் பேர் வாழும் அயோவா மாநிலத்தில், பந்தை வீசும் எதிரணி குவார்ட்டர்பேக்கை நால்வரே சேர்ந்து விரட்டிப்பிடிக்கும் அளவுக்குத் திறமையான முன்வரிசை ஆட்கள் எளிதில் கிடைப்பதில்லை.

ஹீகாக் அந்தக் குறையையே அடிப்படையாக்கினார். 2017 பருவத்தின் நடுவே, முன்வரிசையில் மூவரை மட்டும் வைத்து, பின்னால் மூன்று சேஃப்டிகளை ஆழத்தில் நிறுத்தினார். நடு சேஃப்டி சூட்சுமக்காரர். பந்து நகர்ந்ததும் அவர் முன்னேறி ஓட்டத்தை அடைப்பார், அல்லது பின்வாங்கி ஆழத்தைக் காப்பார். குவார்ட்டர்பேக்குக்கு ஆட்டம் தொடங்கும் முன் எந்தத் துப்பும் கிடைக்காது. எட்டுப் பேர் வீச்சைக் காக்கும்போது நீண்ட வீச்சுக்கு வழி அடைபடும். நான்கைந்து கெஜமாக ஊர்ந்துதான் போக வேண்டும். அவ்வளவு நீண்ட பயணத்தில் எங்காவது ஒரு தவறு நேரும் என்பதே கணக்கு.

அக்டோபர் 7 அன்று, தரவரிசையில் மூன்றாம் இடத்திலிருந்த ஓக்லஹோமாவை அதன் சொந்த மைதானத்தில் 38-31 என்று வென்றது அயோவா ஸ்டேட். முந்தைய ஆண்டுவரை குவார்ட்டர்பேக்காக இருந்த ஜோயல் லேனிங் அன்று நடு லைன்பேக்கராக ஆடினார். அதே மாதம் நான்காம் இடத்து டிசியுவும் 7-14 என்று தோற்றது. பின்னர் கான்சாஸ் ஸ்டேட் உட்படப் பல பிக் 12 அணிகள் மூன்று சேஃப்டி முறைக்கு மாறின.

வியூகத்தின் எல்லை

டிசியுவும் மாறியது. 2021-இல் பேட்டர்சன் விலகியபின் வந்த சன்னி டைக்ஸ், ஜோ கில்லெஸ்பியைத் தடுப்பாட்டப் பயிற்சியாளராக்கி 3-3-5-க்குப் போனார். 2022-இல் அணி தேசிய இறுதிவரை சென்றது. அரையிறுதியில் மிச்சிகனின் இரண்டு வீச்சுகளை இடைமறித்து நேராக டச்டவுனுக்கு ஓடி 51-45 என்று வென்றது. இறுதியில் ஜார்ஜியா 65-7 என்று அடித்துப்போட்டது. அந்தத் தோல்விக்கு வியூகம் மட்டும் காரணமல்ல. இரு அணிகளின் ஆள்பலமும் ஒப்பிடத்தக்கதே அல்ல. ஆனாலும் பரந்து வீசும் லீக்குக்காக முன்வரிசையை மெலிதாக்கிய அணி, எடையும் வேகமும் ஒருங்கே கொண்ட, எஸ்இசி என்ற கான்ஃபரன்ஸைச் சேர்ந்த அணியிடம் அகப்பட்டால் என்னாகும் என்பது அன்று தெரிந்தது.

2024-இல் பயணம் எதிர்த்திசையில் நடந்தது. டெக்சாஸும் ஓக்லஹோமாவும் பிக் 12-ஐ விட்டு அந்த எஸ்இசிக்கே போயின. போகும் நேரத்தில் டெக்சாஸின் முன்வரிசைத் தூண்களான டிவோன்ட்ரே ஸ்வெட்டும் பைரன் மர்ஃபியும் என்எஃப்எல்லுக்குப் போய்விட்டார்கள். அணி பிற கல்லூரிகளிலிருந்து அனுபவசாலிகளை அழைத்துக்கொண்டது. வீரர்கள் தாமே பல்கலைக்கழகம் மாற வழிசெய்யும் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ இன்று இதை எளிதாக்கியிருக்கிறது. இருந்தவர்களையும் இடம் மாற்றியது. உள்பக்கக் காவலராக இருந்த ஜாடே பேரன் ஓரத்துக் கார்னர்பேக்காகி, அந்த ஆண்டின் ஜிம் தோர்ப் விருதைப் பெற்றார். டெக்சாஸ் முதல் ஆண்டிலேயே எஸ்இசி இறுதிக்கு வந்து, ஜார்ஜியாவிடம் கூடுதல் நேரத்தில் 19-22 என்று தோற்றது.

பேட்டர்சனுக்கு மூன்று பருவம் பிடித்தது டெக்சாஸுக்கு ஒன்றில் கைகூடியது. ஆனால் போர்ட்டல் ஆளைத்தான் தரும். டெக்சாஸிடம் பணமும் பெயரும் இருந்தன. அதைவிட, 2021 முதல் பீட் குவியட்கோவ்ஸ்கி என்ற ஒரே பயிற்சியாளரின் கீழ் தொடர்ந்துவந்த ஆட்ட முறையும் இருந்தது. புதிதாக வந்தவர்களுக்குப் பாடம் சொல்லப் பழையவர்கள் இருந்தார்கள். 2012-இல் வெஸ்ட் வர்ஜினியாவிடம் இல்லாதது அதுதான்.

அதனால் அடுத்த முறை ஓர் அணி லீக் மாறும்போது, பலகையில் எழுதிய எண் மாறியதா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. முறையைச் சொல்லிக்கொடுப்பவர் மாறாமல் இருக்கிறாரா, வீரர்களை இடம் மாற்றத் துணிகிறாரா, நிர்வாகம் ஒரு மோசமான பருவத்தைப் பொறுத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். 4-8 முடிந்ததும் பேட்டர்சனை டிசியு அனுப்பியிருந்தால் 12-1 வந்திருக்காது.