குப்பைத் தொட்டி மூடியும் ஒரு பந்தயக் காரும்

கார் என்ஜினுக்கும் ஜுரம் வரும். மலைப் பாதையில் வண்டியை ஓரங்கட்டி, முன்மூடியைத் தூக்கி வைத்துவிட்டு டிரைவர் தண்ணீர் தேடிப் போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எரிகிற பெட்ரோலின் சக்தியில் பெரும் பகுதி சக்கரத்துக்குப் போய்ச் சேருவதே இல்லை, உஷ்ணமாகத்தான் போகிறது. அதை வெளியேற்றத்தான் ரேடியேட்டர். காபியை டவராவில் ஊற்றி ஆற்றுகிற அதே சாஸ்திரம்தான்: பரப்பு அதிகமானால் சூடு சீக்கிரம் தணியும்.

சாதாரணக் காருக்கே இந்தப் பாடு என்றால், பந்தயக் கார் என்ன பாடு படும்! அப்படி ஒரு காரின் சூட்டைத் தணிக்கப் போய், 1978-ல் மோட்டார் பந்தய உலகமே சூடாகிவிட்டது. அந்த வேடிக்கையைத்தான் சொல்ல வந்தேன்.

பிராபம் என்பது இங்கிலாந்தில் இருந்த ஒரு பந்தயக் கோஷ்டி. அதன் முதலாளி பெர்னி எக்கிள்ஸ்டன். காரை வடிவமைத்தவர் கார்டன் மர்ரே என்ற இளைஞர். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் பிறந்தவர். அந்த வருஷத்துக் காருக்கு ரேடியேட்டரே வேண்டாம் என்று துணிந்தார் மனிதர். காரின் மேனியிலேயே தட்டையான தகடுகளைப் பதித்து, அவற்றுக்குள் சுடுநீரை ஓடவிட்டால் வீசுகிற காற்றே ஆற்றிவிடாதா? ஆகாய விமானத்தில் இது பலித்த யுக்திதான். 1931-ல் பந்தயம் ஜெயித்த ஒரு பிரிட்டிஷ் கடல் விமானத்துக்கு இறக்கைகளே ரேடியேட்டர்! ஆனால் விமானத்துக்குப் பெரிய இறக்கை உண்டு, காருக்கு ஏது? பரப்புப் போதவில்லை, என்ஜின் கொதித்தது. தகடுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, பழையபடி ரேடியேட்டரை மூக்கில் மாட்டினார்கள்.

இதற்குள் போட்டிக் கோஷ்டியான லோட்டஸ், காரின் அடிப்பக்கத்தையே ஒரு சூட்சுமமான வடிவில் அமைத்து, ஓடும்போது காற்றே காரைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும்படி செய்துவிட்டது. வளைவுகளில் அந்தக் கார் பல்லி போல ஒட்டிக்கொண்டு பறந்தது. மர்ரேயால் அதைப் பின்பற்ற முடியவில்லை. அவருடைய ஆல்பா ரோமியோ என்ஜின் பன்னிரண்டு சிலிண்டர்களோடு இரண்டு பக்கமும் கையை நீட்டிப் படுத்திருந்தது. காற்று போக வேண்டிய வழியை அதுவே அடைத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். காற்றின் பிடிப்புக்காக அசைகிற சாதனம் எதுவும் கூடாது என்றது சட்டம். குளிர்விப்பதற்காக? அதைப் பற்றி அது வாயைத் திறக்கவில்லை!

என்ஜின் தலைமேல் ரேடியேட்டரைப் படுக்கப் போட்டார். காரின் பின்புறத்தில் பெரிய விசிறி ஒன்றை வைத்து, கியர் பெட்டியிலிருந்து அதைச் சுழல வைத்தார். என்ஜின் பகுதியைச் சுற்றித் தரை வரை பாவாடை மாதிரி தடுப்புக் கட்டினார். விசிறி காற்றை உறிஞ்சியது, ரேடியேட்டர் குளிர்ந்தது. அதே மூச்சில் காருக்கு அடியில் இருந்த காற்றும் போய்விட்டது. குழந்தைகள் டம்ளரை வாயில் கவிழ்த்து உறிஞ்சி, கன்னத்தோடு ஒட்டவைத்து விளையாடுமே, அதுதான்! கார் தரையோடு ஒட்டிக்கொண்டது. நின்ற இடத்திலேயே என்ஜினை முடுக்கினால் வண்டி சட்டென்று குந்தி உட்காருவது எல்லோருக்கும் தெரிந்தது. கண்திருஷ்டிக்குப் பயந்தோ என்னவோ, நிறுத்தி வைத்திருக்கும்போது விசிறியைக் குப்பைத் தொட்டி மூடி ஒன்றால் மூடி வைத்தார்கள்.

ஓட்டுவது சுலபம் என்று எண்ணிவிடாதீர்கள். மற்றக் காரில் வளைவு பயமுறுத்தினால் பெடலிலிருந்து காலை எடுக்கலாம். இதில் காலை எடுத்தால் விசிறியும் தளரும், பிடிப்பும் தளரும். பயம் வருகிற இடத்தில்தான் இன்னும் அழுத்த வேண்டும்! 1976-ல் ஜெர்மனியில் நடந்த விபத்தில் தீயில் வெந்து பிழைத்த நிக்கி லௌடா என்ற ஆஸ்திரியர்தான் இதில் உட்கார்ந்தார்.

ஸ்வீடன் தேசத்தில் ஆண்டர்ஸ்டார்ப்பில் 1978 ஜூன் 17-ந் தேதி பந்தயம். முதலில் முன்னே போனது லோட்டஸ்தான். நடுவில் வேறொரு கார் பாதையில் எண்ணெயைச் சிந்தியது. மற்றவர்கள் வழுக்கிக்கொண்டு தயங்க, லௌடா சிமெண்டுத் தரையில் நடப்பவர் போலப் போய்க்கொண்டே இருந்தார். இரண்டாவது வந்தவரைவிட 34 விநாடிக்கு மேல் முன்னதாக ஜெயித்தார்.

சும்மா இருப்பார்களா மற்றவர்கள்? விசிறி கல்லையும் மண்ணையும் எங்கள் முகத்தில் வாரி இறைக்கிறது என்றார்கள். இது மோசடி என்றார்கள். விசிறி இழுக்கிற காற்றில் பாதிக்கு மேல் ரேடியேட்டர் வழியாகத்தான் போகிறது, ஆகவே பிரதான வேலை குளிர்விப்பதுதான் என்றது பிராபம் தரப்பு. என்னைக் கேட்டால், பட்சணத்துக்குக் கை நீட்டிவிட்டு டப்பாவைத் துடைக்க வந்தேன் என்கிற பையனின் வாதம்தான் இது. இருந்தாலும் டப்பாவைத் துடைத்ததும் நிஜமாயிற்றே!

வெற்றி செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் விசிறி இனிக் கூடாது என்று தடை வந்தது. எக்கிள்ஸ்டனும் மற்ற முதலாளிகளைப் பகைத்துக்கொள்ள விரும்பாமல் காரை விலக்கிக்கொண்டார். உலகச் சாம்பியன் பந்தயங்களில் அது ஓடியது அந்த ஒன்றில் மட்டும்தான். அதில் ஜெயித்தும் விட்டது!

லௌடா 2019-ல் காலமானார். மர்ரே மட்டும் விசிறியை மறக்கவில்லை. 2020-ல் டி.50 என்று ஒரு காரை வெளியிட்டார். பந்தயத்துக்கு அல்ல, சாலையில் ஓட்டுவதற்கு. அதன் பின்புறத்தில் 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு விசிறி சுழல்கிறது. இந்தத் தடவை அது எதற்கு என்று அவர் ஒளிக்கவில்லை. மூடியும் போடவில்லை.