செங்கல் தூளில் சாய்ந்த சாம்பியன்கள்

(‘விளையாட்டும் இளையோரும்’ என்ற பொருளில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் மந்தின் பேச்சாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



டென்னிஸில் பேரும் புகழும் பெற்ற வெற்றியாளர்களை, நேற்று வந்த ஓர் இளைஞர் எதிர்த்து வெல்ல முடியுமா? இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி இது. முடியும். களிமண் தரையில் மற்ற தரைகளைவிட அதிகமாகவே முடியும். அது ஏன் என்பதை, நம் தமிழ் ஆட்டக்காரர்கள் அந்தத் தரையில் கண்ட வெற்றியையும் தோல்வியையும் வைத்துச் சொல்கிறேன்.

பெயர்தான் களிமண்

மந்தின் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் செம்மண் புதிதல்ல. பாரிஸ் நகரின் ரோலண்ட் காரோஸ் திடலைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, “நம்ம தோட்டத்து மண் மாதிரியே இருக்கே” என்று சொல்லத் தோன்றும். நிறம் மட்டும்தான் ஒன்று. அங்கே மேலே தெரியும் சிவப்பு மண்ணே அல்ல. செங்கல்லை இடித்துச் சலித்த தூள். அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம்தான். அதன் கீழே நொறுக்கிய சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே நிலக்கரிக் கசடு, சரளை, பெருங்கற்கள் என்று அடுக்கடுக்காகப் போட்டிருக்கிறார்கள்.

நமக்கு நன்கு தெரிந்த பூப்பந்தில் பந்து தரையில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. டென்னிஸில் பந்து தரையில் பட்டு எழும்பிய பிறகும் அடிக்கலாம். ஆகவே அங்கே தரையும் ஓர் ஆட்டக்காரர்தான். புல் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக ஓடும். பலமாகச் சர்வீஸ் போடுபவருக்கு அது கொண்டாட்டம். களிமண் தரையில் அந்தத் தூள் பந்தைப் பிடித்து இழுக்கிறது. வேகம் குறைகிறது, பந்து உயரமாக எழும்புகிறது. புல்லில் எடுக்கவே முடியாத பந்தை இங்கே ஓடிப்போய், சறுக்கிக்கொண்டே எடுத்துவிடலாம்.

இதனால் ஒரே அடியில் புள்ளி எடுப்பது அரிது. ஒரு புள்ளிக்கே பத்து, இருபது அடிகள் தேவைப்படும். சாம்பியனின் பலமான சர்வீஸ் பாதி வலு இழக்கிறது. எஞ்சுவது கால், மூச்சு, பொறுமை. இந்த மூன்றும் ஓர் இளைஞரிடம் இருந்தால் தரை அவர் பக்கம் சாய்கிறது.

பதினேழு வயதில் பட்டம்

1974-இல் சுவீடனின் பியோன் போர்க் 18 வயதில் பாரிஸில் பட்டம் வென்றார். 1982-இல் அதே நாட்டின் மாட்ஸ் விலாண்டர் 17 வயதில் வென்றார். அரையிறுதியில் வெற்றிப் புள்ளியில் எதிராளி ஹோசே லூயிஸ் கிளர்க் அடித்த பந்து வெளியே என்று தீர்ப்பு வந்தது. “இப்படி வெல்ல எனக்கு விருப்பமில்லை” என்ற கருத்தில், அந்தப் புள்ளியை மறுபடி ஆடக் கேட்டுக்கொண்டார் அந்தச் சிறுவர். மறுபடி ஆடியும் வென்றார்.

1989-இல் அமெரிக்காவின் மைக்கேல் சாங்குக்கும் 17 வயதுதான். உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் இவான் லெண்டலிடம் முதல் இரண்டு செட்டுகளை இழந்தார். காலில் தசைப்பிடிப்பு வேறு. ஒரு கட்டத்தில் கையைத் தாழ்த்திச் சர்வீஸ் போட்டார். ஐந்து செட் முடிவில் ஜெயித்தவர் சாங். அந்த ஆண்டுப் பட்டமும் அவருக்கே.

2005-இல் ரஃபேல் நடால் தம் 19-ஆவது பிறந்தநாளன்று அரையிறுதியில் ரோஜர் ஃபெடரரைத் தோற்கடித்தார். அந்தப் பட்டத்தோடு தொடங்கி 2022-க்குள் அங்கே 14 முறை வென்றார். அதே நடாலை 2022-இல் மாட்ரிட் களிமண்ணில், 19 வயது நிறைந்த மறுநாள் சாய்த்தார் கார்லோஸ் அல்கராஸ். அதற்கு அடுத்த நாள் ஜோகோவிச்சையும் வென்றார். நேற்றைய இளைஞரை இன்றைய இளைஞர் வெல்வதுதான் அந்தத் தரையின் வரலாறு.

நம்மவர்கள் கதை

நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றவர். அது புல் தரை. பாரிஸ் களிமண்ணில் 1962-இல் கால் இறுதியை எட்டினார். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் விம்பிள்டன், பாரிஸ் இரண்டிலும் இளையோர் ஒற்றையர் பட்டம் வென்றார். சென்னைப் பையன் ஒருவர் செங்கல் தூளில் உலகின் இளையோரை எல்லாம் வென்றார் என்றால், நம்மவர்களுக்கு அந்தத் தரை வராது என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் பெரியவர்கள் பிரிவில் கதை மாறியது. கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் ரமேஷ் எட்டிய மூன்று ஒற்றையர் கால் இறுதிகளும் விம்பிள்டனிலும் அமெரிக்காவிலும்தான். பாரிஸில் ஒன்றுகூட இல்லை. 1987 டேவிஸ் கோப்பையில் இந்தியா சிட்னி புல் தரையில் ஆஸ்திரேலியாவை வென்று இறுதிக்குச் சென்றது. அந்தக் கோப்பையில் தரையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, ஆட்டத்தை நடத்தும் நாட்டுக்கு உண்டு. சுவீடன் கோத்தன்பர்க் உள்ளரங்கில் களிமண்ணைக் கொட்டித் தரை போட்டது. ரமேஷின் எதிரே நின்றவர், 17 வயதில் பாரிஸை வென்ற அதே விலாண்டர். இந்தியா 0-5 எனத் தோற்றது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1993-இல், பிரான்ஸ் நாட்டின் பிரெஜுஸ் நகரில் மறுபடி களிமண் தரை. பிரான்ஸ் 1991-இல் டேவிஸ் கோப்பையை வென்ற நாடு. அதன் அணியில் ஹென்றி லெகோந்த் இருந்தார். 1988-இல் பாரிஸ் இறுதி ஆட்டம் வரை போனவர். இந்திய அணியில் 20 வயது லியாண்டர் பயஸ். கல்கத்தாவில் பிறந்து, 1985 முதல் சென்னையில் அமிர்தராஜ் பயிற்சித் திட்டத்தில் வளர்ந்தவர். அவருக்குத் துணையாக 32 வயது ரமேஷ்.

யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. பயஸ் லெகோந்தையும் வென்றார், அர்னோ போத்ஷையும் வென்றார். இரண்டுக்கு இரண்டு என்று நின்ற நிலையில், கடைசி ஆட்டத்தில் ரமேஷ் ரோடால்ஃப் கில்பர்ட்டைத் தோற்கடித்தார். இளைஞரின் கால்களும் மூத்தவரின் நிதானமும் சேர்ந்து ஒரு பெரிய அணியை அதன் சொந்தத் தரையிலேயே கவிழ்த்தன. அடுத்த சுற்றில் சண்டிகர் புல் தரையில் ஆஸ்திரேலியாவிடம் 0-5 எனத் தோற்றோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தரை உதவும், ஆனால் தரை மட்டுமே ஜெயித்துக் கொடுக்காது.

அதன் பிறகு நீண்ட இடைவெளி. 1982-இல் ரமேஷ் ஆடிய மொண்டே கார்லோ களிமண் போட்டியின் ஒற்றையர் பிரதான சுற்றில் அடுத்த இந்தியர் ஆட 42 ஆண்டுகள் ஆயின. 2024-இல் அங்கே ஆடிய ஹரியானாவின் சுமித் நாகல், இத்தாலியின் மத்தேயோ அர்னால்டியை வென்றார். கோவையைச் சேர்ந்த மாயா ராஜேஸ்வரன் 2025-இல் 15 வயதில் மும்பைப் போட்டியின் அரையிறுதிக்குச் சென்றார். அது களிமண் அல்ல. ஆனால் அவர் பயிற்சிக்குச் சேர்ந்த இடம், களிமண் மன்னர் நடாலின் மயோர்கா பயிற்சிக்கூடம்.

நமக்கு என்ன பாடம்?

மலேசியாவில் கனத்த மழையில் செங்கல் தூள் தரையைப் பராமரிப்பது சிரமம். நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது சிமெண்டுத் தரைதான். தோட்டத்தில் துரைமார் டென்னிஸ் ஆடிய காலத்தில் நம்மவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பது. ஆனாலும் மட்டை பிடிக்கும் திறமை நமக்கு இல்லாமல் போகவில்லை. நம் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் பகாவில் பிறந்த பஞ்ச் குணாளன், 1971-இல் இங் பூன் பீயுடன் சேர்ந்து அகில இங்கிலாந்து பூப்பந்து இரட்டையர் பட்டத்தை வென்றவர். 2025-இல் தீனா முரளிதரன், பேர்லி டானுடன் இணைந்து உலகப் பூப்பந்துப் போட்டியில் வெள்ளி வென்றார்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை இரண்டு போட்டியில் தோற்றுவிட்டால், “இது நமக்கு ஒத்துவராது” என்று மட்டையைப் பரணில் போட்டுவிடாதீர்கள். அந்த வயதில் பலமாக அடிக்கும் பிள்ளை ஜெயிக்கும். பந்தைத் திருப்பித் திருப்பி எடுக்கும் பிள்ளை தோற்கலாம். களிமண் தரை எந்தப் பிள்ளையைத் தேடுகிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். பயிற்றுநர்களே, சிமெண்டுத் தரையிலும் அந்தப் பாடத்தைச் சொல்லித் தரலாம். ஒரு பந்தை இருபது முறை தவறாமல் திருப்பி அனுப்பிய பிறகே பலமாக அடிக்க விடுங்கள். பள்ளி நிர்வாகத்தினரே, பூட்டிக் கிடக்கும் திடலின் சாவியை மாலையில் இரண்டு மணி நேரம் கொடுங்கள்.

சாம்பியன்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்ல. அவர்களும் ஒரு காலத்தில் பேர் தெரியாத பிள்ளைகளாக, யாரோ திறந்துவிட்ட திடலில் ஆடியவர்கள்தான். நம் பிள்ளைகளுக்கும் ஒரு திடல் திறந்திருக்கட்டும்.