குளிகையும் செபமாலையும்

வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும், வீட்டில் ஒருவருக்கு உளநோய் கண்டால், கோயிலா வைத்தியசாலையா என்றே நம்மவர் தடுமாறுவர். இரண்டும் பகையல்ல என்று கண்டவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம். போரினால் உள்ளம் புண்பட்ட தமிழரை ஆராய்ந்து 1998ஆம் ஆண்டில் ஆங்கில நூலொன்றை வெளியிட்டவர் அவர்.

மருந்து வேண்டியவர்க்கு மருந்து. அத்துடன் மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், செபம். சைவருக்கு ஓங்காரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ரு, பௌத்தருக்குப் பிரித் ஓதல். அச்சத்தால் முறுகிய தசை தளர்ந்து, விரைந்த மூச்சு சீர்ப்பட்டால் மனமும் அடங்கும். சிறுவயதிலேயே பழகிய சொல்லாதலின் நோயாளி அதனை எளிதிற் கைக்கொள்வார். மேனாட்டுத் தளர்வுப் பயிற்சியை நம்மூர்ப் பாட்டிமார் செபமாலை உருட்டுங்கால் அறியாமலே செய்தனர் போலும்!

ஆயினும், நேர்த்தி வைத்தாயிற்றென்று வைத்தியரைக் கேளாமற் குளிகையை நிறுத்தினால், கடும் உளப்பிணி மீளவும் தலையெடுக்கும்.