வெப் டிசைன் ‘அட்வான்ஸ்டு’ கோர்ஸ்: பணம் கட்டும் முன் சிலபஸில் பார்க்க வேண்டியது என்ன?

பகல் முழுக்க வேலை. ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் சொந்த நேரம். அந்த நேரத்தையும் கொஞ்சம் சேமிப்பையும் போட்டு வெப் டிசைனில் அடுத்த கட்டத்துக்குப் போக நினைக்கும் ஒருவருக்கு, திருநெல்வேலி பேட்டையில் இருந்தபடி என்ன வழி இருக்கிறது?

பேட்டையில் அரசு ஐடிஐ இருக்கிறது, ம.தி.தா. இந்துக் கல்லூரி இருக்கிறது. ஆனால் இவை முழுநேர மாணவர்களுக்கானவை. தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் ஸோஹோவைப் பலரும் நினைப்பார்கள். அதன் ‘ஸோஹோ ஸ்கூல்ஸ்’ பயிற்சியோ பெரும்பாலும் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த இளைஞர்களுக்கானது. ஆக, வேலையில் இருப்பவருக்கு மிச்சம் இரண்டுதான்: தனியார் பயிற்சி மையம் அல்லது ஆன்லைன்.

‘அட்வான்ஸ்டு’ என்றால் என்ன?

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் தெரிந்தவருக்கு மீண்டும் அதையே நடத்தி, கடைசியில் இரண்டு புது டூல் காட்டினால் அது அட்வான்ஸ்டு ஆகாது. சிலபஸை வாங்கி மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

*ஒன்று, காலம்.* அடோபி நிறுவனம் ஃப்ளாஷுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-ல் நிறுத்திவிட்டது. சிஎஸ்எஸ் கிரிட் 2017-லேயே முக்கிய பிரவுசர்களுக்கு வந்துவிட்டது. இன்னும் ஃப்ளாஷ் இருக்கிறது, கிரிட் இல்லை என்றால் அந்த சிலபஸ் பழசு.

*இரண்டு, வேகம்.* கூகுளின் ‘கோர் வெப் வைட்டல்ஸ்’ அளவுகோல்படி, பக்கத்தின் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். பட்டனைத் தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் திரையில் மாற்றம் தெரிய வேண்டும். படிக்கும்போது வரிகள் இடம் மாறிக் குதிக்கக் கூடாது. இதில் இரண்டாவதான ‘ஐஎன்பி’ 2024 மார்ச்சில்தான் சேர்ந்தது. சிலபஸில் அது இருந்தால், யாரோ அதை அப்டேட் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

*மூன்று, அணுகல்தன்மை.* பார்வையற்றவர் ஸ்கிரீன் ரீடர் மூலம் உங்கள் பக்கத்தைப் பயன்படுத்த முடியுமா? இதற்கான சர்வதேச வழிகாட்டுதலின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பளித்தது. வங்கி, அரசுத் தளங்களில் வேலை பார்க்க நினைப்பவர் இதைத் தவிர்க்கவே முடியாது.

சரி, எங்கே படிக்கலாம்?

காசில்லாமல் தொடங்கலாம். 2014-ல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் சான்றிதழும் தருகிறது. மொஸில்லாவின் எம்டிஎன் தளத்திலும் கூகுளின் வெப்.டெவ் தளத்திலும் சிஎஸ்எஸ், வேகம், அணுகல்தன்மை பாடங்கள் இலவசம். மூன்றும் முக்கியமாக ஆங்கிலத்தில் இருக்கின்றன என்பதுதான் சிலருக்குத் தடை. தமிழில் விளக்கம் வேண்டும் என்பவர்களுக்கு, ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த குவி தளம் இருக்கிறது.

பட்டமும் வேண்டும் என்றால், ஐஐடி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பைப் பார்க்கலாம். வீடியோ வகுப்பு வீட்டிலிருந்தே, முக்கியத் தேர்வுகள் மட்டும் மையத்தில் நேரில். இதன் டிப்ளமோ நிலையில் ஃப்ளாஸ்க், வியூ கொண்டு வெப் ஆப் உருவாக்கும் பாடங்கள் உண்டு. ஆனால் அதற்கு முன் கணிதம், புள்ளியியல் எல்லாம் கொண்ட அடிப்படை நிலையை முடிக்க வேண்டும். நாலஞ்சு மாசத்தில் முடிகிற விஷயம் இல்லை. டிசைனைவிட புரோகிராமிங் பக்கம் சாயும் படிப்பு என்பதையும் மனதில் வையுங்கள்.

அப்போ காசு எதுக்கு?

பாடம் இலவசமாகக் கிடைக்கிறது. கிடைக்காதது, உங்கள் வேலையைப் பார்த்து ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்கும் ஆள். கட்டணம் கொடுப்பது அதற்காக மட்டும் இருக்கட்டும். சேரும் முன் இவற்றைக் கேளுங்கள்:

● என் பிராஜெக்ட்டை யார் பார்ப்பார்கள், வாரம் எத்தனை முறை?
● ஷிஃப்ட் மாறி வகுப்பு தவறினால் என்ன ஏற்பாடு?
● பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? எழுத்தில் தருவீர்களா?

‘வட்டியில்லா இஎம்ஐ’ என்றால் கூடுதல் கவனம் தேவை. பெரும்பாலும் அது உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். கோர்ஸைப் பாதியில் விட்டாலும் தவணை தானாக நிற்காது. கட்டாமல் விட்டால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். ‘100% வேலை உறுதி’ போன்ற விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் கோச்சிங் மையங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. ஏமாந்ததாக நினைத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

இன்றிரவே ஒரு டெஸ்ட்

நீங்கள் ஏற்கெனவே செய்த ஒரு தளத்தின் முகவரியை கூகுளின் ‘பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்’ பக்கத்தில் போடுங்கள். மொபைல் மதிப்பெண்ணும், எங்கே தவறு என்ற பட்டியலும் வரும். அதில் எத்தனையை நீங்களே சரிசெய்ய முடிகிறது என்று ஒரு வாரம் முயன்று பாருங்கள். மிச்சம் நிற்பவைதான் நீங்கள் படிக்க வேண்டிய பாடம். அந்தப் பட்டியலோடு பயிற்சி மையத்துக்குப் போய், ‘இதையெல்லாம் சொல்லித் தருவீர்களா?’ என்று கேளுங்கள். பதிலைக் கேட்டபிறகு பணம் கட்டலாமா என்று முடிவெடுங்கள்.